மூன்றாவது மேசையில் வாங்காத சீட்டு

சென்ற மாதம் திவ்யா என் வீட்டுக்கு வந்தாள். நான் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்த மலேசியாவின் குளுவாங் அரசு அலுவலகத்தில் இப்போது அவள் எழுத்தர். தேர்தல் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அவளும் பெயர் கொடுத்திருக்கிறாள். பயிற்சிக்குப் போய்விட்டு நேரே வந்தவளுக்கு முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"அக்கா, ஒருத்தர் உள்ள வந்துட்டு, எனக்கு ஓட்டுப் போட வேணாம்னு சொன்னா என்ன செய்யணும்? பிரீஃபிங்ல கேட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. வேணாம்னு நெனைக்கிறவன் எதுக்கு லா அவ்வளவு தூரம் வரப்போறான்னு கேக்குறாங்க."

"ஒருத்தர் வந்தாரு," என்றேன்.

அவளிடம் அன்று பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்ல நாட்குறிப்புகளை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தேதி இல்லாமல் எதையும் சொல்வது எனக்கு வராது. என் கணவர் இருந்த காலத்தில், "உனக்குத் தலைவலி வந்தாலும் கிழமையோடதான் வரும்" என்பார்.

1984இல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகள் கோப்பு அடுக்கியதிலும் தட்டச்சு செய்ததிலும் போயின. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தேர்தல் பணிக்கு முதலில் என்னை அனுப்பியது 1999 நவம்பர் 29, திங்கட்கிழமை. அதற்குப் பிறகு 2004, 2008, 2013, 2018, கடைசியாக 2022 மார்ச்சில் எங்கள் ஜொகூர் சட்டமன்றத் தேர்தல். ஆக ஆறு. முதல் நான்கிலும் என் மேலதிகாரி என்சிக் காசிம்; என்சிக் என்றால் மலாயில் ஐயா. வாக்களிக்கும் அறையை நாங்கள் சாலுரான் என்போம். அவர் சாலுரானின் தலைவர், நான் மேசை எழுத்தர்.

என்சிக் காசிம் அதிகம் பேச மாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் முதலில் கையிலிருக்கும் பேனாவை மூடுவார், பிறகுதான் வாயைத் திறப்பார். பேனா மூடும் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். காலையில் பெட்டியைக் கட்சி முகவர்கள் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவி, "காலி" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் முத்திரை போடுவார். முகவர்கள் கொடுக்கும் தண்ணீர் போத்தலைக்கூடத் தொட மாட்டார். அவித்த மரவள்ளிக் கிழங்கை வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டுவருவார். அதைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பார். சாப்பிடும்போது எந்தக் கட்சிக்காரர் முகத்தையும் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதாம்.

நடைமுறை எளிது. முதல் மேசையில் ஐசி என்கிற அடையாள அட்டையைப் பார்த்து, பெயரையும் எண்ணையும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்து, பட்டியலில் கோடு போடுவார்கள். முகவர்களும் தங்கள் பட்டியலில் கோடு போடுவார்கள். இரண்டாவது மேசையில் இடது ஆள்காட்டி விரலில் மை. மூன்றாவது மேசையில் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். மை வந்தது 2013இல். அந்த மே 5, ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது மேசையில் நான்தான் இருந்தேன். மதியம் ஓர் இளைஞன், "ரெண்டு விரல்லயும் வைங்கக்கா, செல்ஃபி எடுக்கணும்" என்றான். நான் சிரித்துக்கொண்டே தூரிகையை எடுத்தேன். பின்னாலிருந்து பேனா மூடும் சத்தம் கேட்டது.

"மைக்கு ஒரு வேலைதான் இருக்கிறது, சாந்தா," என்றார் மலாயில். "வந்தவன் இரண்டாம் தடவை வரக்கூடாது. அவ்வளவுதான். அதற்கு வேறு வேலை கொடுக்காதே."

அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாட்குறிப்பில் மட்டும் எழுதி வைத்தேன்.

இன்னொன்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. தேர்தல் பணியில் இருப்பவர்கள் தபால் வழி வாக்களிக்கலாம். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். 1999இலும் 2004இலும் நான் அனுப்பினேன். 2008இல் விண்ணப்பப் படிவம் எங்கோ தவறிவிட்டது. தவறியதற்குப் பிறகுதான் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நடுவராக நிற்கிறவர் பந்தை உதைக்கக் கூடாது, நாங்கள் நடுவர்கள், வாக்களிக்காமல் இருப்பதே எங்களுக்கு அழகு என்று தேநீர் வேளையில் சொல்ல ஆரம்பித்தேன். நிறையப் படிக்கிற பழக்கம் இருப்பதால் அதற்கு ஆதரவாக நாலு வாதங்களும் கிடைத்தன. 2013இல் என்சிக் காசிம் இதைக் கேட்டார். பேனாவை மூடினார்.

"நடுவரும் ஆட்டம் முடிந்ததும் இதே குண்டும் குழியுமான ரோட்டில்தானே வீட்டுக்குப் போகிறான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகும் படிவம் நிரப்பவில்லை. 2018 மே 9, புதன்கிழமை, அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார், நான் அவர் நாற்காலியில் இருந்தேன். அன்றும் ஊரே வாக்களிப்பதைக் காலை முதல் மாலை வரை பார்த்துவிட்டு, சுத்தமான விரலோடு வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

இனி அந்த மனிதர்.

2022 மார்ச் 12, சனிக்கிழமை. ரெங்கம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஐம்பது வயதைச் சுற்றியவர்கள் வாக்களிக்கும் அறை என் பொறுப்பில். அதற்கு முந்தைய தேர்தல்வரை விருப்பம் உள்ளவர்தான் போய் வாக்காளராகப் பதிந்துகொள்வார். அந்தத் தேர்தலில்தான் பதியாதவர்கள் பெயரும் தானாகவே பட்டியலில் ஏறியிருந்தது. அதுவரை ஒருவர் வாக்களிக்க வேண்டாம் என்று நினைத்தால் பேசாமல் வீட்டில் இருந்துவிடலாம். அவரை யாருக்கும் தெரியாது. இப்போது பெயர் பட்டியலில் இருக்கிறது. வராவிட்டால் அந்தப் பெயர்மேல் கோடு விழாமல் கிடக்கும், எல்லார் கண்ணிலும் படும். யாருக்கு வாக்களித்தார் என்பதைத் திரை மறைக்கிறது. வாக்களித்தாரா என்பதை எதுவும் மறைப்பதில்லை. இதை ஆறு தேர்தல் பார்த்த எனக்கு அன்றுதான் உறைத்தது.

காலை 10.40. வரிசை சின்னதாகத்தான் இருந்தது. நீல முகக்கவசம், கழுத்தில் சின்னச் சிலுவை, வெளுத்த சட்டை. முதல் மேசையில் "மரியதாஸ்" என்று பெயரை வாசித்தார்கள். கோடு விழுந்தது. இரண்டாவது மேசையில் அவராகவே விரலை நீட்டினார். மை வைத்தார்கள். மூன்றாவது மேசையில் சீட்டைக் கிழித்து நீட்டியபோது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது வேணாம்ங்க."

மூன்றாவது மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண்ணுக்குப் புரியவில்லை. சீட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். அவர் ஓர் அடி பின்னால் போனார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போனேன்.

"என்னாங்க, ஏதும் பிரச்சனையா?"

"பிரச்சனை இல்ல மேடம். மை வச்சாச்சு, அது போதும். தாள் வேணாம்."

முகவர்கள் பெஞ்சில் இரண்டு பேர். ஒருவன் குணா, ரெங்கத்தில் டயர் கடை வைத்திருக்கிறவன், வாய் சும்மா இருக்காது. இன்னொருவர் ஆ செங். எஸ்டேட் மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்த சீனர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"மை மட்டும் வாங்கிட்டுப் போக இது என்னா கோயில் திருநீறா அண்ணே?" என்றான் குணா.

"அங்கிள், சும்மா பெட்டியில போட்டுட்டு போங்க லா," என்றார் ஆ செங். "குறி கூட போட வேணாம். காலியா மடிச்சுப் போடுங்க. யாருக்கு என்னா தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல," என்றார் மரியதாஸ்.

நான் அவரைச் சன்னல் பக்கம் அழைத்தேன். எல்லாரும் பார்க்கும்படியாகத்தான், ஆனால் குரல் கேட்காத தூரத்தில். வாக்களிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்த எனக்கு அதிகாரமில்லை. அதை முதலில் சொன்னேன். பிறகு, வேண்டாம் என்றால் எதற்கு வந்தீர்கள், மை எதற்கு என்று கேட்டேன்.

அவர் ரெங்கத்திலிருந்து பத்து பாகாட் ஊரிலிருக்கும் துணி ஃபேக்டரிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். வேன் ஒரு கான்ட்ராக்டருடையது. அந்தக் கான்ட்ராக்டர் உள்ளூர் கட்சிக் கிளையில் முக்கியமான ஆள்.

"திங்கக்கெழமை காலையில வேன் ஏறுறதுக்கு முன்னுக்கு எல்லார் விரலையும் பாப்பேன்னு சொல்லிட்டாரு மேடம். விளையாட்டா சொல்ற மாதிரிதான் சொன்னாரு. ஆனா போன வருஷம் ஒருத்தன் ஏதோ பேசிட்டான்னு வேலையை விட்டு நிறுத்தினப்பவும் அப்படித்தான் சிரிச்சாரு. எனக்கு ஐம்பத்தொண்ணு. இந்த வயசுல எவன் வேலை கொடுப்பான்?"

"அப்ப ஓட்டைப் போட்டுட்டுப் போயிடலாமே? உங்க இஷ்டத்துக்கு யாருக்கு வேணும்னாலும் போடலாம். யாருக்கும் தெரியாது."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். திடலில் யாரோ குடையை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்தொம்போது வயசுல நான் எஸ்டேட்ல வீடு வீடா போனேன் மேடம். இந்தத் தடவ போடுங்க, வீட்டு நெலம் கண்டிப்பா கெடைக்கும், நான் கேரண்டின்னு சொன்னேன். அப்ப இருபத்தொண்ணு ஆனாதான் ஓட்டு. எனக்கே ஓட்டு கெடையாது. ஆனா கேரண்டி கொடுத்தேன். பன்னெண்டு குடும்பம் என் வாயை நம்பிப் போட்டாங்க. ரெண்டு வருஷத்துல தோட்டத்தை வித்துட்டாங்க. பன்னெண்டு குடும்பமும் ஆளுக்கு ஒரு பக்கமா போயிடுச்சு. ஒருத்தர்கூட என்னைத் திட்டல."

என் பக்கம் திரும்பினார்.

"திட்டியிருந்தா பரவால்ல. அதுக்கப்புறம் இருபத்தொண்ணு ஆனப்ப, பதிய மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். அடுத்தவங்க ஓட்டைப் பன்னெண்டு வீட்டுல செலவழிச்சவன் நான். எனக்கு இன்னொண்ணு எதுக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பல பதில்கள் இருந்தன. ஒரு தப்பைத் திருத்த வாக்குத்தான் வழி, ஒதுங்கி நின்றால் அந்தக் கான்ட்ராக்டர் மாதிரி ஆட்களுக்குத்தான் இடம் விடுகிறீர்கள் என்று சொல்லியிருக்கலாம். இன்றும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் அந்த அறையில் வாதம் செய்ய உட்கார்ந்தவள் இல்லை. என் கையேட்டில் இப்படி ஒரு நிலைமைக்கு நேரான வரியும் இல்லை. புரட்டிப் பார்த்தேன். கெட்டுப்போன சீட்டுக்கு வரி இருந்தது. வாங்காத சீட்டுக்கு இல்லை.

நாற்காலிக்குத் திரும்பினேன். பேனாவை மூடினேன். அதை நான் செய்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

கிழித்த சீட்டை அப்படியே ஓர் உறையில் போட்டு, ஒட்டி, அன்றைய குறிப்பேட்டில் எழுதினேன்: நேரம் 10.40, சீட்டு ஒன்று, கிழிக்கப்பட்டது, வாக்காளர் வாங்கவில்லை, பெட்டிக்குள் போகவில்லை. சீட்டின் எண்ணை எழுதினேன்.

குணா எட்டிப் பார்த்தான். "பேரு எழுதலயே மேடம்?"

"கணக்கு சரியா வர்றதுக்குச் சீட்டு நம்பர் போதும்."

"மை? ஓட்டுப் போடாமலே மையோட போறாரு. வெளிய போட்டவன் மாதிரி காட்டிக்குவாரு. இது சரியா?"

கேள்வி நியாயமானதுதான். அரசாங்கத்து மையை ஒருவர் பொய் சொல்லப் பயன்படுத்துவதற்கு நான் துணை போகிறேனா என்பதுதான் அவன் கேட்டது.

"மைக்கு ஒரு வேலைதான் குணா. இவர் இன்னிக்குத் திரும்பி வந்து ஓட்டுப் போட முடியாது. அதை அது செஞ்சிருச்சு. வெளிய போய் அதை வச்சு அவர் என்னா சொல்றாருங்கறது அவர் பாடு."

பிறகு, காலையில் முகவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த இரகசியக் காப்புத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். உள்ளே யார் வாக்களித்தார், யார் வாக்களிக்கவில்லை என்பதை வெளியே சொல்ல மாட்டோம் என்று இருவரும் ஒப்புக்கொண்ட தாள். வாசிக்கவில்லை. வைத்தேன், அவ்வளவுதான். ஆ செங் அதைப் பார்த்துவிட்டு, "குணா, நீ சைன் வச்சதுதான் லா அது, படிக்காமலா வச்சே?" என்றார். குணா வாயை மூடிக்கொண்டான். இன்றுவரை அவன் மூலம் எதுவும் வெளியே போகவில்லை. அதை எழுதியாக வேண்டும்.

மரியதாஸ் கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். எனக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க போட்டாச்சா மேடம்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல மரியாதைக்காகத்தான் கேட்டார்.

"எனக்குத் தபால் ஓட்டு. அனுப்பிட்டேன்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்போது எங்கள் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகங்களுக்கு வேலை நாள். மறுநாள் காலை அலுவலகம் போய், மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தேன். நிரப்பாத விண்ணப்பம் தேதிகாட்டிக்கு அடியில் கிடந்தது. வந்த நாளை அதன் மூலையில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். அந்த அளவுக்கு நான் ஒழுங்கானவள். முந்தின நாள் அந்த அறைக்குள் இருந்தவர்களில், வாக்களிக்காததை மறைத்துப் பொய் சொன்னது நான் ஒருத்திதான். அவர் எல்லார் முன்னாலும் வேண்டாம் என்றார்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மரியதாஸ் எங்கள் அலுவலக முகப்புக்கு வந்தார். அவருடைய அக்காவின் வீட்டுப் பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும். முகக்கவசம் இருந்ததால் முதலில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அந்தச் சிலுவை நினைவிருந்தது. வேலை முடிந்ததும் வெளியே வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

"வேன் எப்படிப் போகுது?"

"வேன் இல்ல மேடம். தங்காக்ல ஒரு துணிக் கடைக்கு லோரி ஓட்டுறேன். காலையில அஞ்சு மணிக்கே கெளம்பணும். கொஞ்சம் தூரம்தான்."

"விரலைப் பாத்தாரா?"

"பாத்தாரு. திங்கக்கெழமை. முதுகுல தட்டி, நல்ல பிள்ளைன்னு சொன்னாரு." சிரித்தார். "ஐம்பத்தொரு வயசுல நல்ல பிள்ளை. செவ்வாய், புதன் ஓட்டுனேன். ஸ்டியரிங் புடிக்கிற நேரமெல்லாம் அந்த விரல்தான் முன்னுக்கு நிக்குது. வேன்ல வர்ற பிள்ளைங்க வேற, அங்கிள் யாருக்குப் போட்டீங்க, யாருக்குப் போட்டீங்கன்னு கேட்டுக்கிட்டே வருதுங்க. முப்பது வருஷமா நான் போடாதது எனக்குச் சரியா இருந்துச்சு மேடம். மூணு நாள்ல இந்த மை என்னைப் போட்டவன் மாதிரி ஆக்கிடுச்சு. வியாழக்கெழமை காலையில போய்ச் சொல்லிட்டேன். மை இருக்கு, ஓட்டு இல்லன்னு."

"என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு. சாவியை வாங்கிக்கிட்டாரு."

அதற்குமேல் பேசாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

"நான் உங்ககிட்ட அன்னிக்குப் பொய் சொன்னேன். தபால் ஓட்டு அனுப்பல. 2008லருந்து அனுப்பல."

அவர் ஆச்சரியப்படவில்லை.

"வேணாம்னு விட்டீங்களா மேடம், இல்ல மறந்துட்டீங்களா?"

நடுவர் வாதத்தை எடுத்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். வராந்தாவில் நின்றுகொண்டு சொல்லும்போது அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"தெரியல," என்றேன்.

"தெரியலன்னா அது ஓட்டுப் போடாதது இல்ல மேடம்," என்றார், யாரோ தவறான பேருந்தில் ஏறப் போவதைத் தடுக்கிறவர்போல மெதுவாக. "அது வேற." பிறகு ஐசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அக்கா காத்துக்கிட்டு இருப்பாங்க, வரேன் மேடம்" என்று சொல்லிப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

வாக்களிக்காமல் இருப்பது தவறா என்று அன்று கிளம்பும்போது திவ்யா கேட்டாள். எனக்கு இன்றும் ஒரே பதில் கிடையாது. மரியதாஸ் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. பன்னிரண்டு குடும்பத்துக்கு அவர் பட்ட கடனை வாக்குச்சாவடிக்குள் வந்து தீர்க்கப் பார்த்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் வாக்களிக்காததை, அவர் செய்தது என்று சொல்ல முடியும். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்துக்கு அவர் வேலையை விலையாகக் கொடுத்தார். நான் பதினான்கு ஆண்டு வாக்களிக்காமல் இருந்ததை யார் செய்தார் என்று கேட்டால், இழுப்பறையைத்தான் காட்ட வேண்டும். சோம்பலுக்குப் பின்னால் தத்துவம் ஒன்றை நிறுத்தி வைப்பது எவ்வளவு சுலபம் என்பது நிறையப் படித்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆகஸ்டில் ஓய்வு பெற்றேன். நவம்பரில் பொதுத் தேர்தல். 1995க்குப் பிறகு முதல் தடவையாக வரிசையில் நின்றேன், குளுவாங்கில், என் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். முதல் மேசையில் என் பெயரை உரக்க வாசித்தார்கள். எத்தனையோ பெயர்களை அப்படி வாசிக்கக் கேட்டிருக்கிறேன், என் பெயரைக் கேட்டதும் முதுகு நிமிர்ந்தது. மை வைத்தார்கள். குளிர்ந்திருந்தது. மூன்றாவது மேசையில் ஓர் இளம்பெண் சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

என் கை உடனே போகவில்லை. வேண்டாம் என்று நினைத்து அல்ல. இதே இடத்தில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னால் ஆள் நிற்கிறது, பக்கத்தில் முகவர்கள் பார்க்கிறார்கள், முன்னால் ஒரு பெண் நீட்டிய கையோடு காத்திருக்கிறாள்.

"புவான்?" என்று மலாயில் மரியாதையாகக் கூப்பிட்டாள்.

வாங்கிக்கொண்டேன். வாக்களிக்கும் அட்டை மறைவுக்குப் போனேன்.

நாட்குறிப்பில் இருப்பது இதுதான்: 19.11.2022, சனி, காலை 9.20, வாக்களித்தேன். அதற்குக் கீழே அடுத்த பக்கங்களில் தினமும் ஒரு வரி இருக்கிறது. நகத்தோரத்தில் மை இன்னும் இருக்கிறது, இருக்கிறது, மங்குகிறது என்று. முழுதாகப் போகப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் விரலைக் காட்டு என்று என்னை யாரும் கேட்கவில்லை.